ஏழு கறிக்குக் காவல்

ஒரு வேனின் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறேன். கையில் நீளமான இரும்புக் கரண்டி. மடியில் ஓர் அலுமினியத் தட்டு, தட்டிச் சத்தம் எழுப்புவதற்கு. எதிரே கடல், முதுகுக்குப் பின்னால் மலை. எனக்கு நேர் கீழே, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், டீசல் நாறும் பழந்துணிக்குள் ஒரு டிபன் கேரியர். அதில் இருப்பது வேறொருவனுக்கான சாப்பாடு.

மொரீஷியசில் நான் இருந்த வருடங்களை நினைத்தால் முதலில் வந்து நிற்பது இந்தக் காட்சிதான். போன வாரம் உங்களைக் கோவில் வகுப்பில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். முறைப்படி அங்கிருந்துதான் தொடர வேண்டும். ஆனால் இந்த வாரக் கதையில் குரங்குகள் இருக்கின்றன. அவற்றுக்கு முறை ஏது?

ஆடு மேயாத ஊரில் கம்பளிச் சட்டை

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து தமிழ் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. பீனிக்ஸ் என்ற ஊரில் மார்தே என்பவரின் வீட்டு மாடியில் குடியிருந்தேன்.

மார்தே அந்தத் தீவிலேயே பிறந்த தமிழர். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வம்சம். வீட்டில் கிரியோல்தான் பேச்சு. சாமி கும்பிடும்போது தமிழ் வரும், உறவுமுறை சொல்லும்போது வரும், கோபம் வந்தால் ஒன்றிரண்டு சொல் வரும். என்னை 'மிஸ்யே' என்று கூப்பிடுவார், நாம் 'சார்' என்பதுபோல. அவருக்கு எதுவும் பிடித்துவிட்டால் 'கொரெக்' என்பார். அது அந்த ஊர் 'சரி'. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

அவர் பிழைப்பு ஒரு பழைய வேன். விடியும் முன்பே தெருத்தெருவாகப் போய்ப் பெண்களை ஏற்றி ஸ்வெட்டர் தொழிற்சாலையில் இறக்குவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். பார்க்கும் இடமெல்லாம் தொழிற்சாலை முளைத்துக்கொண்டிருந்த காலம். செம்மறி ஆட்டைக் காண்பதே அபூர்வமான ஊரிலிருந்து ஐரோப்பாவுக்கெல்லாம் கம்பளிச் சட்டை போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். மார்தேக்கு வராது, வேன் ஓடுகிறதே.

அந்த வேனின் முன் இருக்கையில் உட்காருபவள் சரோஜா, மார்தேயின் தங்கை. சட்டைக்குக் கை பொருத்தும் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை என் வகுப்புக்கு வருவாள். எத்தனை குளித்தாலும் போகாத கம்பளித் துகள் தலைமுடியில் ஒட்டியிருக்கும். அந்த வாரம் எந்த நிறத்துக்கு ஆர்டரோ அந்த நிறம். ஒரு வாரம் சிவப்பு, ஒரு வாரம் கடல்நீலம். வாரம் முழுக்க அந்த நிறம் என்னவாக இருக்கும் என்று யோசித்தபடியே இருந்தேன் என்று இப்போது சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை.

சரோஜா தேவாரம் பாடினால் கோவிலே அமைதியாகிவிடும். ஆனால் அவளுக்குத் தமிழ் பேச வராது. வகுப்பில் கேள்வியும் பதிலுமாக ஒரு பாடம் வைத்திருந்தேன். எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகச் சொல்வாள். வாசலைத் தாண்டியதும் சிரித்துக்கொண்டே கிரியோலுக்குப் போய்விடுவாள். வகுப்புக்கு வெளியே, தானாக, ஒரே ஒரு வாக்கியம் என்னிடம் தமிழில் பேசமாட்டாளா என்று ஏங்கினேன். வேறு எதற்கும் ஏங்க எனக்கு உரிமை இருக்கவில்லை.

இந்தத் தொடரை முதலில் படிப்பது என் மனைவி விசாலம். இந்த இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி, "அப்பவே நெனச்சேன், ஆர்டர் கலரெல்லாம் ஞாபகம் இருக்கே, என் கல்யாணப் புடவை என்ன கலருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். தப்பித்து எழுந்து வந்துவிட்டேன்.

சேராத விடுமுறைகள்

உரிமை இருக்கவில்லை என்றேன். காரணம் சிவேன்.

மாயெபூர்ப் பையன். அந்த ஊருக்குப் பக்கத்தில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் சர்வர். ஏதோ ஒரு கல்யாணத்தில் சரோஜாவைப் பார்த்திருக்கிறான், அவளும் பார்த்திருக்கிறாள். அதிலிருந்து இரண்டு மூன்று வருடமாக இருவரும் ஒருவரையொருவர் பார்க்கத்தான் முயன்றுகொண்டிருந்தார்கள்.

தொழிற்சாலை வருடக் கடைசியில் மூடும். அப்போதுதான் பனிக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் தீவுக்கு வந்து இறங்குவார்கள், ஓட்டலில் மூச்சு விட நேரமிருக்காது. ஓட்டல் காலியாகி அவனுக்கு லீவு கிடைக்கும் மாதங்களில் இவளுக்கு ஓவர்டைம். தீவில் எல்லார் வீட்டிலும் டிவி வாங்கிக் கொடுத்த இரண்டு தொழில்கள், இந்த இருவரை மட்டும் ஒரே நாளில் சும்மா இருக்க விடவில்லை.

மார்தேக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. ஆனாலும் மனதுக்குள் ஒரு குறை. பெண் கேட்கிறவன் ஒரு தடவைகூட வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். வருடக் கடைசியில் எல்லாரும் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். மறுநாள் மதியம் வாழையிலையில் ஏழு கறி. குடும்பத்துக்குள் யார் புதிதாக வந்தாலும் அந்தப் பந்தியில்தான் முதலில் உட்கார வேண்டும். மார்தேயின் மனைவி தேவிகா அக்கா வந்ததும் அப்படித்தான்.

அந்த வருடம் சிவேனுக்கு உல்லாசக் கப்பல் ஒன்றில் வேலை கிடைத்தது. தை முடிந்ததும் போக வேண்டும், திரும்ப இரண்டு வருடம் ஆகும். மார்தே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே முடிவைச் சொன்னார். அவர் கிரியோலில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"கேம்ப்புக்கு வரட்டும். நம்ம இலையில உக்காந்து ஏழு கறியும் சாப்பிடட்டும். கொரெக். வரலைன்னா கப்பலுக்குப் போகட்டும். நான் வேற இடம் பாக்குறேன்."

சரோஜா தலை நிமிரவில்லை. எனக்கு உள்ளே ஏதோ குதித்தது. அது சந்தோஷமா பயமா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

ஸ்வெட்டர் போட்ட பானைகள்

இப்போது குரங்குக்கு வருகிறேன்.

பீனிக்சிலிருந்து இறங்கி, பாம்பூ என்ற ஊரைத் தாண்டி, கரும்புக் காடுகளுக்கு நடுவே தெற்கே போனால் மலை கடலுக்கு நெருங்கி வரும் ஓரிடத்தில் சவுக்குத் தோப்பு. அதுதான் இவர்கள் வழக்கமாகக் கூடாரம் போடும் இடம். மலையில் குரங்குகள். அந்தத் தீவில் மனிதர்கள் எல்லாருமே கப்பலில் வந்தவர்கள்தான். குரங்கையும் பழங்கால மாலுமிகள் கொண்டுவந்து விட்டதாகச் சொல்வார்கள். அதனால் 'இது என் ஊர்' என்று யாரும் யாரையும் விரட்ட முடியாது.

அழகர்மலைக் குரங்கிடம் மூக்குக் கண்ணாடியைப் பறிகொடுத்தவன் நான். ஆனால் அழகர்மலைக் குரங்குகள் கோவில் குரங்குகள், கொஞ்சம் கூச்சம் இருக்கும். இவற்றுக்கு அது கிடையாது. முந்தின வருடம் வேனுக்குள் ரொட்டியை வைத்துப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் முன்கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் பட்டையை குரங்குகள் முழுக்க உரித்துப் போட்டிருந்தனவாம். வைப்பரைக் காணோம். பின் ஜன்னலின் கொக்கி உடைந்து கிடந்தது. மார்தே அதற்கு ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருந்தார், கடைசிவரை சரி செய்யவில்லை.

அதிலிருந்து சட்டம்: வேனுக்குள் சாப்பாடு கூடாது. சீட்டையெல்லாம் பினாயில் போட்டுத் துடைத்துவிடுவார்கள். சாப்பாட்டைக் காப்பதற்கு வேறு வழி. சரோஜாவின் பிரிவில் கை கோணலாகப் போன ஸ்வெட்டர்கள் மலிவாகக் கிடைக்கும். பானையை மூடி, அதற்கு ஒரு ஸ்வெட்டரை மாட்டி, இரண்டு கைகளையும் மூடிக்கு மேலே இழுத்து முடிச்சுப் போடுவார்கள். முடிச்சைக் கடல்தண்ணீரில் நனைத்துக் காயவிட்டால் இறுகிவிடும், குரங்கால் அவிழ்க்க முடியாது. சிவப்பும் நீலமுமாகச் சட்டை போட்ட பானைகள் தோப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்து மார்தேக்கு ஒரே பெருமை. தீவில் வேறு யாருக்கும் இந்த யோசனை வரவில்லை என்பார்.

போன முதல்நாள் சாயங்காலமே ஒன்று நடந்தது. தலையணைகளும் ரிஜெக்ட் ஸ்வெட்டர்தான், உள்ளே பஞ்சு அடைத்துத் தைத்தது. குரங்குகள் வந்து தலையணைகளை இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் கிழித்துப் பார்த்தன. பக்கத்தில் திறந்தபடி இருந்த வாழைப்பழச் சீப்பைத் தொடவில்லை.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஸ்வெட்டர் என்றால் உள்ளே சாப்பாடு என்று அவை வருடக்கணக்கில் பாடம் படித்திருக்கின்றன. வாத்தியார் நாமேதான். மார்தேயிடம் சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, முடிச்சை இரட்டை முடிச்சாகப் போடச் சொன்னார்.

மதியம்

மறுநாள் விடியும் முன்பே பெண்கள் கறி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பூசணி, பலாக்காய், வாழைக்காய், கத்தரி, சவ்சவ், மாங்காய், கடைசியில் தக்காளியை வதக்கிச் செய்யும் அவர்கள் ஊர் ருகாய். சவுக்கு விறகுப் புகையில் கறிவேப்பிலை வாசம் கலந்து வந்தது. சரோஜா ஒரு கண்ணை அடுப்பிலும் ஒரு கண்ணைச் சாலையிலும் வைத்திருந்தாள்.

சிவேன் மதியத்துக்குள் வருவதாகச் சொல்லியிருந்தான். மாயெபூர் தீவின் மறுகோடி, பஸ் மாறி மாறி வர வேண்டும். உச்சி வெயில் தாண்டியது. வரவில்லை. மார்தே கொஞ்ச நேரம் பொறுத்தார், பிறகு இலை போடச் சொன்னார். ஆண்கள் முதல் பந்தி. என்னைக் கூப்பிட்டார்கள். வேன் மேல் காவலுக்கு ஆள் வேண்டுமே, அடுத்த பந்தியில் உட்காருகிறேன் என்றேன். அடுத்த பந்தி பெண்களுடையது. அப்போதும் அப்புறம் என்றேன். உண்மையைச் சொன்னால், அவன் வருகிறானா இல்லையா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

சரோஜாவும் சாப்பிடவில்லை. சிவேனின் பங்கை ஒரு கேரியரில் எடுத்து அடுக்கி, அதற்கும் ஒரு ஸ்வெட்டரை மாட்டப் போனாள். வேனிலிருந்து இறங்கிப் போய், வேண்டாம் என்று தடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கிழிந்து கிடந்த தலையணைகளைப் பார்த்தாள். பட்டென்று புரிந்துகொண்டாள்.

வேனுக்குள் சாப்பாடு கூடாது என்ற சட்டத்தை மீறி, மார்தே பார்க்காத நேரத்தில் கேரியரை ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தள்ளி, டீசல் துணியால் மூடினோம். அவள் கேரியரைப் பிடித்துக்கொண்டாள், நான் துணியைச் சுற்றினேன். அந்தத் தீவில் நாங்கள் இருவருமாகச் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

பந்தி முடிந்து எல்லாரும் கடலுக்குப் போனார்கள். தேவிகா அக்கா போகும்போது, மிச்சம் பானைகளில் இருக்கிறது, சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். நான் மீண்டும் கூரைமேல் ஏறினேன்.

நானும் அதுவும்

குரங்குகள் சத்தமில்லாமல் வந்தன. நேராகப் பானைகளிடம் போயின. முடிச்சை அவிழ்க்க ஒன்றுகூட முயலவில்லை. மூடிக்கு மேல் வளைந்திருந்த ஸ்வெட்டர் கைகளைப் பிடித்து இழுத்தன. பிடி வைத்துக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. பானைகள் சரிந்து, உருண்டு, மூடி கழன்று, சோறும் கறியும் மணலில் கொட்டின.

நான் தட்டை அடித்துக் கத்தினேன். "சாக்கோ! சாக்கோ!" என்று குரங்குக்கான கிரியோல் சொல்லை அலறியபடி எல்லாரும் கடலிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்தார்கள். ஒரு குரங்கு சிவப்பு ஸ்வெட்டரோடு ஒரு சின்னப் பானையை இழுத்துக்கொண்டு மலைப்பக்கம் ஓட, மொத்தக் குடும்பமும் அதன் பின்னால் ஓடியது.

அப்போது எனக்குக் கீழே கேரியர் உரசும் ஓசை கேட்டது.

பின் ஜன்னல் கம்பியைத் தள்ளிவிட்டு ஒன்று உள்ளே புகுந்திருந்தது. சுற்றிலும் யாருமில்லை. நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். பானைகளும் போயின, கேரியரும் போயிற்று, குரங்கை யார் என்ன சொல்ல முடியும்? அவன் வந்தாலும் போட ஏழு கறி இல்லை. மார்தே பிடிவாதக்காரர். அவன் கப்பலுக்குப் போய்விடுவான். அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருவாள்.

அப்படி வருகிறவளின் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

குதித்து இறங்கிக் கதவைத் திறந்தேன். டீசல் துணி கீழே கிடந்தது. குரங்கு கேரியரின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தது, நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். நல்ல கிழட்டு ஆண் குரங்கு. அது இழுத்தது, நானும் இழுத்தேன். இரண்டு பேருக்கும் சேராத ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் அவ்வளவு பாடுபட்டோம். முழங்கையில் பிறாண்டிவிட்டு, கடைசியில் அதுதான் விட்டுக்கொடுத்தது.

சரோஜா தலை சொட்டச் சொட்ட ஓடிவந்தாள். கேரியர் என் மடியில் இருந்தது. மூடியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையே எனக்குப் போதும் என்று எழுதத்தான் ஆசை. போதவில்லை.

இலை

வெயில் சாய்ந்தது. மார்தே கூடாரத் துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் கடலோரச் சாலையில் ஒருவன் நடந்து வந்தான். ஓட்டலின் வெள்ளைச் சட்டை, முழங்கால் வரை சுருட்டிய கறுப்புக் கால்சட்டை, கையில் ஷூ. கடைசி பஸ் முந்தின ஊரோடு நின்றுவிட்டதாம், அங்கிருந்து நடை. காலை விருந்து முடிந்ததும் விடுவதாகச் சொன்னவர்கள் மதிய விருந்தும் முடிந்துதான் விட்டார்களாம். மார்தேயின் முன்னால் வந்து நின்று கும்பிட்டான்.

தேவிகா அக்காதான் பேசினார். குரங்கு வந்ததையும் பானை போனதையும் சொன்னார். மார்தே வெறும் பானைகளைப் பார்த்தார். கோபமில்லை, வருத்தம்தான். ஏழு கறி இல்லாமல் எப்படி இலை போடுவது என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை.

சரோஜா கேரியரைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

அது எங்கே இருந்தது என்று மார்தே கேட்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து, டீசல் வாசனையில் முகத்தைச் சுளித்து, என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தானே மணலில் இலையை விரித்தார். அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வொரு கறியாகத் தொட்டு எண்ணி, தானே பரிமாறினார். ஏழும் இருந்தன.

சிவேன் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அவன் கையிலேயே தெரிந்தது. சரோஜாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். கேரியர் துடைத்து வைத்ததுபோல் காலியானது. பழக்க தோஷத்தில் அவன் இரண்டு இலைகளையும் எடுக்க எழுந்தான். உட்கார் என்று மார்தே தோளை அழுத்தினார். அவன் உட்கார்ந்து, தன் இலையைத் தன் பக்கமாக மடித்தான்.

"கொரெக்," என்றார் மார்தே.

தை முடிவதற்குள் மோதிரம் மாற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து அவன் திரும்பி வந்தபோது நான் மதுரைக்கு வந்துவிட்டிருந்தேன். கல்யாணம் நன்றாக நடந்தது என்று கேள்விப்பட்டேன்.

சவுக்குத் தோப்பில்

ஆனால் நான் இன்னும் அந்தத் தோப்பில்தான் நிற்கிறேன். சாமான் ஏற்றியாகிவிட்டது. சிவேன் முன் இருக்கையில், மார்தேக்குப் பக்கத்தில். நான் வேனுக்குப் பின்னால் நின்று ஜன்னல் கம்பியை இறுக்கிக்கொண்டிருக்கிறேன். வயிறு காந்துகிறது. குரங்கு வருமுன்பே பானையிலிருந்து சாப்பிட்டிருப்பேன் என்று பெண்களும், பெண்களோடு சாப்பிட்டிருப்பேன் என்று ஆண்களும் நினைத்துக்கொண்டார்கள்.

சரோஜா சுற்றிக்கொண்டு வந்தாள். முகம் பொலிந்திருந்தது. ஏதோ சொல்ல வந்து, நின்று, மனதுக்குள் ஒத்திகை பார்ப்பதுபோல் உதட்டை அசைத்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, வகுப்பில் சொல்வதைப்போலவே, ரகரம் தொண்டையில் உருளக் கேட்டாள்:

"ஐயா, நீங்கள் சாப்பிட்டீர்களா?"

நான் மாதக்கணக்கில் காத்திருந்த வாக்கியம்.

"சாப்பிட்டேன்," என்றேன்.

நம்பிவிட்டாள்.